பதினோரு மணி மிஸ்டு கால்

எனக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்த டாக்டர், "சர்க்கரை ஏறினா மெதுவா ஆளை முடிக்கும், எறங்கினா உடனே முடிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். வெளியே வந்ததும் மனைவியிடம், "பரவால்ல, நல்ல மனுஷன். சாய்ஸ் குடுத்திருக்காரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் வீட்டுக்கு வந்து பாத்ரூமைத் தாழிட்டுக்கொண்டு நாடி பிடித்துப் பார்த்தேன். எங்கே பிடிப்பதென்று தெரியாததால் துடிப்பு கிடைக்கவில்லை. செத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன்.

எல்லோர் கையிலும் செல்போன் வந்து, அதில் பேசுவதற்கு மட்டும் யாருக்கும் மனசு வராத காலம் அது. எதற்கும் மிஸ்டு கால்தான். நாங்களும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் ஊசி போட்டுக்கொண்டு பொழிச்சலூரிலிருந்து நாவலூர் ஆபீசுக்குப் போவேன். பதினோரு மணிக்கு போனில் அலாரம் அடிக்கும். சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க மேஜை டிராயரில் இருக்கும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவேன். தின்றாயிற்று, ஆள் இருக்கிறேன் என்று அர்த்தம். அவள் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் காசு போகுமே என்று பதறுவேன். உயிர் போவதற்கும் எனக்கு அதே பதற்றம்தான். தனியாக வேறொன்று கைவசம் இல்லை.

ஒரு மழைநாள். கிளம்பவே தாமதம். ஊசி போட்டுக்கொண்டவன், பஸ் போய்விடுமென்று இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். கீழ்க்கட்டளையில் ரோட்டில் தண்ணீர். பஸ் நின்றது நின்றதுதான். அங்கேயே பதினோரு மணி அலாரம் அடித்தது. பிஸ்கட் நாவலூரில் இருந்தது.

முதலில் சட்டை நனைந்தது. மழை உள்ளே வரவில்லை. பிறகு கை நடுங்கியது. கண்டக்டருக்கு இரண்டு தலை தெரிந்தபோது இறங்கிவிட்டேன். பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து வீட்டு நம்பரை அழுத்தினேன். ஒரு ரிங் போனது. என் கட்டைவிரல் கட் பண்ணிவிட்டது. சத்தியமாக நான் பண்ணவில்லை, விரல் பண்ணியது. மறுபடி அழுத்தினேன். ஒரு ரிங். மறுபடி கட். சாகிற நேரத்திலும் சிக்கனம் பார்த்தது அந்த விரல். இன்னும் எத்தனை முறை அப்படிச் செய்தேனோ, நினைவில்லை.

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், காலங்காத்தாலயே ஏத்திக்கினியா? பாக்க டீசண்டா கீற!"

டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், "வூட்ல சம்சாரம் பாவம்ணா" என்றார்.

'சுகர்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு வேறு யாருடையதோ போலக் கிடந்தது. ஏதோ உளறல்தான் வந்தது.

"பாத்தியா, கொயறுது. ஒரு டீ ஊத்துண்ணா, சக்கர தூக்கலா. தெளிஞ்சி எயுந்து போவட்டும். வியாபார நேரத்துல பேஜாரு" என்றார் ஆட்டோக்காரர்.

குடிகாரனை விரட்டப் போட்ட அந்த டீயைக் குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். இரண்டாவது கிளாஸ் முடிந்து கொஞ்ச நேரத்தில், டீக்கடைக்காரருக்கு ஒரே தலை என்பது தெளிவானது. "எனக்கு சுகர், சார்" என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கோபித்துக்கொண்டார்.

ஆட்டோக்காரரே வீட்டில் கொண்டுவந்து விட்டார். மனைவி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க திரும்பிட்டீங்க? மிஸ்டு கால் வந்துதே."

"எத்தனை வந்துது?"

"வந்துட்டே இருந்துது. இன்னைக்கு ஏதோ குஷியா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

நடந்ததை நடித்தே காட்டினேன். கண்டக்டரின் இரண்டு தலை, ஆட்டோக்காரரின் அனுதாபம், ஒன்றையும் விடவில்லை. கண்டக்டர் இடத்திலாவது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் அடிச்சுதுங்க. நான் நிம்மதியா காய் அரிஞ்சிட்டிருந்தேன்."

வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ரிங் விட்டேன். விரல் நகர்வதற்குள் எடுத்துவிட்டாள்.

"தின்னுட்டேன்" என்றேன்.

"இன்னும் பேசுங்க."

"என்ன பேச?"

"ஏதாவது. நாக்கு கொழறுதான்னு பாக்கணும்."

அன்றிலிருந்து தினமும் பேசுகிறேன். மேனேஜரின் விக் மின்விசிறிக்கு அடியில் படும் பாடு, கேண்டீன் சாம்பாரில் காணாமல் போன முருங்கைக்காய் என்று ஏதாவது சொல்வேன். பக்கத்து சீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அவள் ஜோக்கைக் கேட்பதில்லை. வார்த்தைகள் முழுசாக வந்து விழுகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் முடித்ததும் சிறிது நேரம் மூச்சு மட்டும் கேட்கும்.

பிறகு, "சரி, வெச்சுடுங்க" என்பாள்.