தொண்ணூறால் வகுத்த பணம்

என் கணவர் துபாயில் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எனக்கு விசா வந்துவிட்டது, தொண்ணூறு நாளுக்கு. அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்குப் போட, மாமியாரையும் கூட்டிக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் இருபது வருஷம் துபாயில் இருந்தவர். அவருடைய தம்பிதான் என் கணவரோடு ஒரே ரூமில் தங்கியிருந்தார்.

எனக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டை அடுக்குகிற வேலை. நூறு கேட்டால் நூற்றுப்பத்து சூளைக்குள் வைப்போம், பத்து உடையும் என்று. அந்தப் புத்தி எனக்கு எல்லாவற்றிலும் வரும். தோட்டை அடகு வைத்து, கம்பெனியில் முன்பணம் வாங்கி, மூவாயிரம் திர்ஹாமுக்குச் சேர்த்திருந்தேன். அதில் முந்நூறை உடைவுக்கு என்று முதலிலேயே தனியாக ஒதுக்கிவிட்டேன்.

பாய் ஒரு துணி பில்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“எத்தினி நாளுக்குப் போடட்டும், தங்கச்சி?”

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாளைக்கு முன்னால் பாயின் தம்பி துபாயிலிருந்து என்னிடம் போனில் சொல்லியிருந்தார்: “இருபது நாளு, மிஞ்சிப்போனா ஒரு மாசம்னு டாக்டரு சொல்றாரு அண்ணி. மனசத் தேத்திக்கங்க.” அதை நான் வீட்டில் சொல்லவில்லை. இப்போது அவரைப் பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முப்பது நாளுக்குப் போடுங்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? உயிரோடு இருக்கிறவருக்கு நாள் குறிப்பதா? எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

“தொண்ணூறு நாளுக்கும் போடுங்க பாய்,” என்றேன். மாமியார் தலையாட்டினார்.

ஒரு நாளைக்கு முப்பது திர்ஹாம் வந்தது. தங்குவதற்குப் பாயின் சொந்தக்காரர் வீடு, காசு வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு டாக்சியில்தான் போக வேண்டும். போக வர நாற்பது.

“ஒருநாள் விட்டு ஒருநாள் போயிட்டு வாங்க. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்து. சரியா வரும்,” என்றார் பாய். “அங்க எதையும் ரூபாயா மாத்திப் பாக்காதீங்க. பாத்தீங்கன்னா பட்டினிதான்.”

துபாய் போய் நான் மாற்றித்தான் பார்த்தேன். ஒரு டீ இருபது ரூபாய்க்கு மேல் என்றதும் டீயை விட்டேன். குப்பூஸ் ரொட்டியும் ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாயும்தான். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஏசி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சொன்ன கணக்கு மாறாமல் நடக்கிறோம் என்று ஒரு பெருமை வேறு. அப்போது என்னை யாராவது அறைந்திருக்கலாம்.

அவருக்கு நினைவு நன்றாகவே இருந்தது. அதுதான் கொடுமை. கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

“நேத்து ஏன் வரல?”

“தங்கியிருக்கிற வூட்டுல ஒத்தாசையா இருந்தேன்.”

“காசு இல்லியா?”

“இருக்குது. நீங்க அதெல்லாம் நெனைக்காதீங்க.”

பதினைந்தாம் நாள் கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பிடித்தவரில்லை.

“நாளைக்கு வரியா?” என்றார்.

என் கை தானாகப் பர்ஸைத் தொட்டது. “நாளன்னிக்கு வரேன்,” என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம், பாதி குப்பூஸை ராத்திரிக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருடைய கம்பெனி செலவில் உடலோடு ஊருக்கு வந்தேன். காரியம் முடிந்ததும் மிச்சப் பணத்தை எடுத்து மாமியார் முன்னால் வைத்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு திர்ஹாமுக்கு மேல். உடைவுக்கு ஒதுக்கிய முந்நூறு கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

“அவரு ஒரு மாசம் தாங்கமாட்டாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும் அத்தை. ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் தொண்ணூறுன்னு சொன்னேன்.”

அவர் பணத்தைப் பார்க்கவில்லை.

“நீ வேலைக்குப் போயிருந்தப்ப பாயோட தம்பி எனக்கும் போன் பண்ணி சொல்லிட்டாரும்மா. நீ ஒடஞ்சிடுவேன்னுதான் பாய் கடையில நான் வாயத் தொறக்கல.” பிறகு கேட்டார்: “தொறந்திருந்தா நீ தெனமும் போயிருப்ப, இல்ல?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “ஆமா அத்தை,” என்றேன்.