மோர் ஊற்றிய அடக்குமுறை

தங்கப்பழத்துக்குத் தொண்டையைக் கொடுத்தது விசைத்தறி. வரிசையாகத் தறி ஓடுகிற கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள், பக்கத்தில் இருப்பவளிடம் வெற்றிலை கேட்பதானாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் புருஷன் செல்லச்சாமி; அவர் தறியிலேயே காதைத் தொலைத்தவர். ஆக, அவள் மெதுவாகப் பேசுவதற்கு சங்கரன்கோவிலில் இடமே இருக்கவில்லை. கோமதியம்மனிடம் ரகசியமாக வேண்டிக்கொள்வதுகூடப் பிரகாரம் முழுக்கக் கேட்கும்.

அதனால்தான் எண்பத்தைந்தாம் வருஷம், தெருக்குழாயில் தண்ணீர் கேட்டுப் பெண்கள் காலிக்குடத்தோடு ராஜபாளையம் ரோட்டில் உட்கார்ந்தபோது, கோஷம் போட யார் என்ற கேள்வியே எழவில்லை.

குழாய் இருந்தது. எலெக்‌ஷனுக்கு முன்னால் அதற்கு மாலையெல்லாம் போட்டுத் திறந்தார்கள். ஓட்டுப் போட்ட வாரம் வரை கொட்டியது. பிறகு சொட்டியது. இப்போது அதில் யாரோ ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள்.

தங்கப்பழத்துக்கு மட்டும் இதில் தனி அவசரம் ஒன்று. மகள் இசக்கித்தாயை வாசுதேவநல்லூரில் கொடுத்திருந்தாள். சம்பந்தி ஆறுமுகத்தாய் குளத்துத் தண்ணீரில் குதித்து வளர்ந்தவள். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இங்கே வந்து, கால் கழுவ அரைச் செம்புத் தண்ணீர் வாங்கியதை அவள் மறக்கவில்லை. “இந்தத் தபசுக்கு உங்க தெருவுல தண்ணி வந்தா வாரோம். இல்லன்னா பிள்ளையும் அங்கன வந்து அழுக்கோட நிக்க வேண்டாம்” என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டாள். ஊரே கூடுகிற தபசுக்கு மகள் வராத வீடு என்று பெயர் வாங்கத் தங்கப்பழம் தயாராக இல்லை.

மறியல் செய்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ்கள் நிற்கும். கரிவலம் போகிறவர்கள் இறங்கி ஏசுவார்கள். ஏட்டையா சங்கரசுப்பு வந்து, “எல்லாரையும் கைது பண்ணியாச்சு, எந்திரிங்க” என்பார். வேன் ஒன்றுதான். முட்டுவலிக்காரர்கள் வேனில் ஏற, மற்றவர்கள் தங்களைத் தாங்களே நடத்திக்கொண்டு பின்னால் போவார்கள். போய்ச் சேரும் இடம் ஒரு கல்யாண மண்டபம். மதியம் சாம்பார் சாதமும் மோரும். சாயங்காலம் விடுதலை.

முதல் தடவை கைதான அன்று, எதிர்வீட்டுக் கதீஜம்மாள் மண்டபத்துக் கொல்லையில் சும்மா ஒரு குழாயைத் திருப்பினாள். திருப்பியவள் பயந்து பின்வாங்கினாள்.

“ஏட்டி தங்கம், இங்கன வந்து பாரு. அருவியால்லா விழுது.”

அன்று எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு விடுதலையானார்கள். அடுத்த மறியலுக்கு வந்த குடம் எதுவும் காலியாக இல்லை. உள்ளே அழுக்குத்துணி, சவுக்காரக்கட்டி. ஒருத்தி தன் மாமியாரையே கூட்டி வந்திருந்தாள், குளிப்பாட்டிக்கொண்டு போக. மத்தியானத்துக்குள் மண்டபத்தின் தூணுக்குத் தூண் ஈரச்சேலைகள் விரிந்து, கட்டடமே பாய்மரம் கட்டிக்கொண்டு எங்கோ புறப்படத் தயாராக நின்றது.

மோர் வாளியோடு வந்த ஏட்டையா அதை அண்ணாந்து பார்த்தார்.

“ஏ தாயி, ஒண்ணு கேக்கேன், வருத்தப்படக் கூடாது.”

“கேளுங்க ஏட்டையா.”

“காலையில ‘போலீஸ் அடக்குமுறை ஒழிக’ன்னு கத்துன. நான் கம்புகூடக் கொண்டு வரல. ஓட்டுப் போடுத. நெனச்சா ரோட்டுல உக்காருத. பஸ்ஸெல்லாம் நிக்கி. சோறு வருது, மோரு வருது. துணி வேற தொவைக்க. இதுல அடக்குமுறை எங்கன இருக்கு?”

தங்கப்பழம் சவுக்காரக்கட்டியைக் கீழே வைத்தாள்.

“கோஷம்னா அப்பிடித்தான் ஏட்டையா. ‘போலீஸ் பரவாயில்ல’ன்னு எடுத்துக் குடுத்தா, பின்னால எவ ஒழிகன்னு சொல்லுவா?”

“ஒனக்கென்ன, கத்திட்டுப் போயிருத. ஒன் தொண்டை எங்க தெரு வரைக்கும் கேக்கு. வீட்டுக்காரி சோத்தப் போட்டுக்கிட்டே கேக்கா, பொம்பளைங்கள அப்பிடி என்னதான் செஞ்சீருன்னு.”

அவர் மெய்யாகவே சங்கடப்படுவது தெரிந்தது. மோரில் கறிவேப்பிலைகூடக் கிள்ளிப் போட்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி தொண்டையில் நெல் உமி மாதிரி நின்றது. மூன்றாவது மறியலில் மனசு இளகி, “ஏட்டையா நீங்கலாக அடக்குமுறை” என்று எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் சிரிப்பில் ‘ஒழிக’வை விழுங்கிவிட்டது.

அது ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள். மண்டப வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கைதானவர்கள் சாப்பிட்டு முடித்து, பாதித் துணிதான் துவைத்திருப்பார்கள். மண்டபத்துக் காவல்காரர் மூக்காண்டி தலையில் கைவைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிவந்தார்.

“ஏம்மா, குழாய மூடுங்க. நாளைக்குக் கல்யாணம். டேங்க காலி பண்ணிட்டா எங்க போவேன்? உங்க தெரு வால்வ அடைச்சாத்தான் இங்கன டேங்கே நெறையும், தெரியுமா?”

ஒரு குழாய் நின்றது. பிறகு அடுத்தது.

“எந்த வால்வு அண்ணாச்சி?” தங்கப்பழம் மெதுவாகக் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“உங்க தெரு முக்குல கல்லு போட்டு மூடியிருக்குல்லா, அதான். எலெக்‌ஷன் முடிஞ்சதும் மண்டபத்து மொதலாளி முனிசிபாலிட்டி ஆபீஸ்ல சொல்லி ஏற்பாடு பண்ணிட்டாரு. ஆளு சமர்த்து.”

“ஆனி முடிஞ்சா தொறந்திருவாங்களா?”

“அதெப்பிடி? தபசுக் கூட்டம் இங்கனதான தங்கும். பிறகு ஆவணி முகூர்த்தம் வந்துரும்லா.”

ஏட்டையா கையிலிருந்த மோர் வாளியைப் பார்த்தார். ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

சாயங்காலம் அவரே கதவைத் திறந்தார். “எல்லாரும் விடுதலை. வீட்டுக்குப் போங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“நாங்க வரல ஏட்டையா” என்றாள் தங்கப்பழம்.

“வெளையாடாத தாயி.”

“கைதுன்னு சொன்னீங்க, எந்திரிச்சு வந்தோம். விடுதலைன்னாலும் எந்திரிக்கணும்னு சட்டமா? எங்க தண்ணி இங்கன இருக்கு. நாங்களும் இங்கனயே இருந்துக்கிடுதோம்.”

வெளியே சமையல்காரர்கள் அண்டாவை இறக்கிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

“என்ன வே, உள்ள யாரு?”

“கைதிங்க” என்றார் ஏட்டையா.

“விட்டுர வேண்டியதான?”

“விட்டாச்சு. போகமாட்டேங்காங்க.”

“அப்ப திரும்பக் கைது பண்ணும்.”

“பண்ணினா இங்கனதான் கொண்டாந்து வைக்கணும் அண்ணாச்சி.”

அவர் ஏட்டையாவையும், தூணில் காய்கிற சேலைகளையும், தங்கப்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாம்பூலப் பையைக் கீழே போட்டுவிட்டு யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு மிதித்தார். எங்கே போனார், யாரிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. முந்தின இரண்டு மறியல் சாதிக்காததை ஒரு கல்யாணம் சாதித்தது. விளக்கு வைக்கும் முன்னால், கதீஜம்மாளின் மகள் ஜரினா மூச்சிரைக்க மண்டபத்துக்குள் ஓடிவந்தாள்.

“தண்ணி வருதும்மா. ஆட்டுக்குட்டி நனைஞ்சிட்டு.”

பெண்கள் சேலைகளை உருவி மடிக்க ஆரம்பித்தார்கள். தங்கப்பழம் மட்டும் மண்டபத்துக் குழாயடிக்குப் போய்த் தன் குடத்தை வாய் வரை நிறைத்தாள். மூக்காண்டி ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இப்பவாவது சொல்லு தாயி” என்றார் ஏட்டையா. “அடக்குமுறைன்னு இன்னமும் கத்துவியா?”

“எங்க தண்ணில மோரக் கரைச்சு எங்களுக்கே ஊத்திட்டு, என்ன கொற வச்சேன்னு கேட்டீங்க. நீங்க ஒரு கொறையும் வைக்கல ஏட்டையா. அதனாலதான் கண்டுபிடிக்க இம்புட்டு நாளாயிட்டு.”

அவர் குனிந்து, குடத்தின் அடியில் கைகொடுத்து அவள் இடுப்பில் ஏற்றிவிட்டார். சட்டைக்கை நனைந்தது.

“தபசுக்கு முன்னால மறுபடி அடைச்சாங்கன்னா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

தங்கப்பழம் இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டு கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள்.

“பாதித் துணி இன்னும் தொவைக்காமத்தான் கெடக்கு ஏட்டையா.”