மூக்கர் பார்த்த வண்டி

கார்களுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டித் தருபவர்கள் அந்தத் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள். ஆனால் பெரிய சத்தம் வேண்டும் என்று வருபவர்கள் மூக்கரைத்தான் தேடி வந்தார்கள். "பாட்டு அதிர்ந்தா லைட்டு மங்குதா? அது கார் பசியில அழுவுது. மொதல்ல கரண்ட்டுக்கு வழி பண்ணுவோம்" என்பார். ஆல்டர்னேட்டரைப் பெரிதாக மாற்றுவார், பேட்டரியை மாற்றுவார், விரல் தடிமனில் ஒயர் இழுப்பார். பிறகு அரைமணி நேரம் முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, ஒயர் சேருகிற இடங்களில் மூட்டு மூட்டாக மூக்கை வைத்து மோந்து பார்ப்பார்.

மோப்பம்தான் அவருடைய பேரும் புகழும். ஃபியூஸ் எல்லாவற்றுக்கும் காவல் இல்லை. ஒரு மூட்டு லூசாக இருந்தால் ஃபியூஸ் போகாமல் சும்மா கிடக்கும், மூட்டு மட்டும் உள்ளுக்குள்ளேயே கொதிக்கும். மற்றவர்களுக்குப் புகை வந்தால்தான் தெரியும்; இவருக்கு அதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடும். மூக்கர் பார்த்த வண்டி என்றால் மறு பேச்சே கிடையாது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. இன்று திரும்பும், நாளை திரும்பும் என்று இருந்தார் மனிதர். யாரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கம்போல் குனிந்து, மோந்து, தலையாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இதை வீறாப்பு என்பதா, பயம் என்பதா? என்னைக் கேட்டால் பயம்தான்.

அன்று காலை மூக்கருடைய தங்கையின் புருஷன் வண்டியை எடுக்க வந்தான். மனைவியும் மூன்று வயது மகளும் கூடவே, வெளியூர்ப் பயணம். ஆம்ப்ளிஃபயர் டிக்கியில், குழந்தை உட்காரும் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்தது. மூக்கர் சடங்குக்கு ஒருமுறை குனிந்து எழுந்தார். வண்டிக்குள் ஏறிய தங்கை, ஏதோ கருகுகிற மாதிரி இருக்கிறதே என்றாள். புது ஒயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அண்ணன் சிரித்து மழுப்பினார்.

வண்டி போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். மேஜையைத் துடைக்கும்போது ஒரு ஸ்பிரிங் வாஷர் கையில் தட்டுப்பட்டது. டிக்கித் தரையில் எர்த் ஒயரை இறுக்குகிற போல்ட்டுக்கு என்று எடுத்து வைத்து, போட மறந்தது. அது இல்லாவிட்டால் பாட்டு அதிர அதிர போல்ட் தளர்ந்துகொண்டே போகும்.

மூக்கர் மாப்பிள்ளைக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தங்கை போனும் அப்படியே. எப்படி எடுப்பார்கள்? பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காத சத்தத்தை மாட்டிக் கொடுத்ததே அவர்தானே. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பாப்பாவுக்கு எதுவும் ஆகக்கூடாது, பாப்பாவுக்கு எதுவும் ஆகக்கூடாது என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

ஊர் தாண்டி ஓரமாக வண்டி நின்றது. கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. மாப்பிள்ளை பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டிருந்தான். டிக்கி விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. மூக்கர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"வழியிலயும் சொன்னேன்ணே, கருகற வாசம் வருதுன்னு" என்றாள் தங்கை. "இவருதான் கேக்கல."

மாப்பிள்ளை கூனிக்குறுகிப் போனான். "தப்பு என்மேலதான் மச்சான். உங்க மூக்குக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்னு கிண்டல் பண்ணிட்டு ஓட்டிக்கிட்டே வந்தேன். புகையைப் பாத்த பிறகுதான் நிறுத்தினேன்."

தன்னை நம்பின பாவத்துக்கு அவன் தலைகுனிந்து நிற்பதை மூக்கரால் பார்க்க முடியவில்லை. கரிந்த விரிப்பை எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்து, மூச்சை ஆழமாக இழுத்தார். ஒன்றுமே இல்லை.

"எனக்கு எந்த வாசனையும் தெரியாது மாப்ள. ஆறு மாசமாச்சு. சும்மா மோந்து பாக்கற மாதிரி நடிச்சிக்கிட்டு இருந்தேன்."

தங்கை குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப இந்த ஆறு மாசத்துல நீ பாத்து அனுப்பின மத்த வண்டிங்க?" என்று கேட்டாள்.

மூக்கர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். முதல் வண்டிக்காரருக்கு மணி போனது. எடுக்கவில்லை.