இரண்டு ஷாக், ஒன்றுக்கும் உதவாத பிரேக்

“சைக்கிள் வாங்க உனுக்கு இன்னாடி தெரியும்? பாவாவக் கூட்டிகினு போ,” என்றார் அம்மா. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். பாவாவை, அதாவது அக்கா கணவரை, அழைக்காமல் தனியாகவே போனேன்.

முன்னும் பின்னும் குலுக்கல் தாங்கும் ஷாக், டிஸ்க் பிரேக் எல்லாம் உள்ள பளபளப்பான கியர் சைக்கிளை வாங்கினேன். புது வண்டி என்றால் திருத்தணியில் முதலில் மலைக்கோயில் பூஜைதான். மாலை போட்டேன், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினேன். பிரேக்கை மட்டும் சோதிக்கவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது, வளைவில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. எதிரே பஸ் வந்தது. ஓரத்து மணல் குவியலில் வண்டியை விட்டு விழுந்தேன். முழங்கை சிராய்ப்போடு தப்பினேன்.

பிரேக் தகடு டப்பா மூடிபோல வளைந்திருந்தது. கடைக்காரரிடம் காட்டினேன்.

“இந்த வெலைல ரெண்டு ஷாக் குடுத்தா, பிரேக்லதான் கை வெக்கணும் மேடம். ஜனங்க ஷாக்கத்தான் பாக்கறாங்கோ,” என்று சிரித்தார்.

“உங்க பொண்ணுக்கு இதக் குடுப்பீங்களா?”

அவர் ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்தார். உயிர் காக்கும் பாகத்தில் மிச்சம் பிடித்து மினுக்கும் பாகத்தில் போடுவதும் ஒரு வியாபாரமா?

சண்டை போட்டு அதைத் திருப்பிக் கொடுத்தேன். அதே விலைக்கு, ஷாக்கே இல்லாத, நல்ல பிரேக் உள்ள வண்டியை இறக்கத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே வாங்கியிருக்கிறேன்.