சகாயமேரி அக்காவின் இரண்டு படங்கள்

போன மாதம் ஒரு காலை, வீட்டிலிருந்தபடி அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது புதுப்பட்டினத்திலிருந்து சகாயமேரி அக்காவின் மகள் ஜெனிபர் அழைத்தாள். "அம்மா போய்ட்டாங்கண்ணா" என்றாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அழுது ஓய்ந்ததும், அஞ்சலி பேனரை நான்தான் டிசைன் செய்ய வேண்டும் என்றாள். "அம்மா சிரிக்கிற போட்டோ எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. அன்னிக்கு நீங்க எடுத்தீங்களே, அது இன்னும் உங்ககிட்ட கீதாண்ணா?" இருந்தது. அந்தப் படங்கள் என்னிடம் எப்படி வந்தன என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குச் சகாயமேரி அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், நான் வரவேற்பு மேசையில். எந்த அறை தயார் என்று நான் கேட்பதற்குள் அவருடைய குரல்பதிவு போனுக்கு வந்துவிடும். கொரோனாவில் ரிசார்ட்டை மூடினார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். செங்கல்பட்டு வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆப் டிசைன் படிக்கத் தொடங்கினேன். அக்கா மீன் விற்கத் தொடங்கினார். கல்பாக்கம் குடியிருப்பில் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. படகு வந்ததும் மீனின் படம் போய்விடும். நான் திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்த நாட்களில் அவரை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

படிப்பு முடிய, மருந்து வாங்கும் ஆப் ஒன்றை வடிவமைத்து யாரிடமாவது கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஊரடங்கு தளர்ந்ததும் அக்கா வீட்டுக்குப் போய் போனை நீட்டினேன். மூன்றாவது திரையில் நின்றுவிட்டார். தப்பு என்னுடையது, பட்டனைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தேன். "பட்டன் எங்க கீதுன்னு நான் இன்னாத்துக்குடா தேடணும்? அதுவா என் கைக்கு வரணும்" என்றார்.

பிறகு, இந்த ஆப்பைப் பயன்படுத்தப்போகிறவர் இப்படிப்பட்டவர் என்று படத்தோடு ஓர் அட்டை தயாரிக்க வேண்டியிருந்தது. ஒன்றும் புரியாத மாதிரி பாருங்கள் என்று அக்காவிடம் கேட்டேன். அவருக்கு அது வரவே இல்லை, சிரித்துச் சிரித்துப் படம் கெட்டது. கடைசியாக ஒன்றில் நன்றாக முழித்தார். அதை எடுத்துப் போட்டு, கீழே எழுதினேன்: 'கமலா, வயது ஐம்பது. எழுதப் படிக்கத் தெரியாது. போன் என்றால் பயம்.' பாவப்பட்ட ஒருத்திக்கு உதவுகிறவனாக நான் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு அவரைப் பாவப்பட்டவராக்கினேன். நேர்முகத்தேர்வில் பட்டனைப் பற்றி அவர் சொன்னதை என் சொந்த யோசனைபோலச் சொன்னேன். தலையாட்டினார்கள், வேலை கிடைத்தது.

அந்த அட்டையும் இருந்த என் இணையப் பக்கத்தை ஜெனிபர் பெருமையாக அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அக்கா அழைத்தார். நல்லா கீதுடா என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். "நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸுடா."

அது நீங்கள் இல்லை, கற்பனை ஆள், எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று என்னென்னவோ விளக்கினேன்.

"பேரு கற்பனை, சரி. மூஞ்சி என்னுதாச்சே."

மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றவில்லை. வேலை நிரந்தரமாகட்டும் என்று தள்ளிப்போட்டேன். நிரந்தரமான பிறகு மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டிலிருந்து கேக் வரும்போது ஞாபகம் வந்தது. அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை, எனக்கும் அது வசதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

சிரிக்கும் படத்தை வைத்துப் பேனர் செய்தேன். பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று சேர்த்தேன். அதைப் படித்துவிட்டு வாசலில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் யார் அதைப் போடுகிறார்கள்? ஜெனிபர் மெல்ல என்னிடம் வந்து, அது எதற்கு என்று கேட்டாள். "அம்மா ஒருதடவை சொன்னாங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. மீதியை அவள் இங்கே படிக்கட்டும்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அந்த அட்டையை இணையத்திலிருந்து நீக்கினேன். நாலு வருடம் தள்ளிப்போட்ட வேலை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிரிக்கும் படத்தை ஜெனிபரிடம் கொடுத்துவிட்டேன். முழிக்கும் படம் என்னிடம் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவர், நான் கேட்டேன் என்பதற்காக ஒன்றும் தெரியாதவராக நின்ற படம். அதை அழிக்க மாட்டேன்.