குதிக்காமல் இறங்குவது

படகுத்துறையில் அவளுக்கு வைத்த பெயர் மெதுவக்கா. கேலியாகத்தான் வைத்தார்கள். வாரத்தில் ஆறு நாள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள் ஏழாம் நாள் பாய்மரப் படகைக் கரை சேர்ப்பதைப் பார்த்தால் வேறு பெயர் யாருக்கும் தோன்றாது. ஆள் நடக்கும் வேகத்தில் பாதிதான் படகு வரும். மேடையில் நிற்பவர் டீயை ஆற்றிக் குடித்து முடித்திருப்பார். படகு இன்னும் இரண்டு ஆள் நீளம் தள்ளி இருக்கும்.

“பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு. இதுக்கு நான்தான் பிரேக்,” என்பாள்.

படகு மூவருக்குப் பொது. அவள், முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கணவன், ரொட்டி சுடும் கொழுந்தன். கணவனுக்குக் கத்தரியைவிட நாக்கு வேகம். கொழுந்தன் விடியுமுன் எழுந்து மாவு பிசைபவன். படகில் எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவான்.

அவள் பெரிய மாலுமி என்று சொல்வதற்கில்லை. பாய் பிடிப்பதில் சுமார். காற்று திசை மாறினால் தாமதமாகத்தான் உறைக்கும். ஆனால் கிளம்புவதையும் சேர்வதையும் அவள் யோசித்த அளவுக்கு அந்தத் துறையில் வேறு யாரும் யோசித்ததில்லை. கிளம்பும்போது ஒவ்வொரு கயிற்றையும் கையால் அழுத்திப் பார்ப்பாள். தொய்ந்ததை முதலில் அவிழ்க்கச் சொல்வாள். விறைத்து நிற்பது கடைசி.

“நம்மளப் புடிச்சிட்டிருக்கிறது எதுன்னு தெரியாம எதையும் அவுக்கக் கூடாது.”

“இத கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்,” என்பான் கணவன்.

இரண்டு வருடத்துக்கு முன், படகு மேடையைத் தொடுமுன்னே அவன் கயிற்றோடு தாவினான். வழுக்கியது. கால் படகுக்கும் மேடைக்கும் நடுவே போனது. விளிம்பில் தொங்கவிட்டிருந்த காற்றுப்பை பாதி அடியை வாங்கிக்கொண்டதால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்ததோடு போயிற்று. நான்கு மாதம் முக்காலியில் உட்கார்ந்து முடி வெட்டினான். இன்னொரு முறை அடிபட்டால் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். இனிக் குதிக்க மாட்டேன் என்றான். அவன் வாக்கை அவள் நம்பினாள். அவன் காலை நம்பவில்லை.

அதனால் ஒரு சட்டம் போட்டாள். கரை சேரும்போது யார் வேண்டுமானாலும் ‘வேணாம்’ என்று சொல்லலாம். சொன்ன நொடியில் படகைத் திருப்பிவிடுவாள். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கொழுந்தன் ஐந்தாறு முறை சொல்லியிருக்கிறான், ஒருமுறை தூக்கத்தில்கூட. கணவன் ஒருமுறையும் சொன்னதில்லை.

அன்று மதியம் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. மேடை படகைத் தள்ளித் தள்ளி விடுவது போலிருந்தது. முதல் முறை எட்டவில்லை, அவளே திருப்பினாள்.

“மெதுவக்கா! நாளைக்காவது வந்துருவீங்களா?” துறைக் காவலாளி மேடையிலிருந்து கத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கணவனின் காது சிவந்தது.

“மானம் போகுது,” என்றான்.

“போகட்டும், திரும்பி வரும். நடுக்கயித்தப் பாருங்க.”

இரண்டாவது முறை, மேடை கைக்கெட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் தள்ளி. விளிம்பில் நின்ற கணவனின் இடது கால் மடங்குவதை, குதிகால் எழுவதை, கம்பியைப் பிடித்திருந்த கை தளர்வதை அவள் சுக்கான் பிடித்தபடி பார்த்தாள். அந்த நேரத்தில் சுக்கானை விட முடியாது. கத்தினால் அந்தச் சத்தமே அவனைத் தள்ளிவிடலாம்.

“வேணாம்!” என்றான் கணவன்.

அவள் திருப்பினாள். கொழுந்தன் அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்தான். “அண்ணி, இப்ப யார் பேசினது?”

“சும்மா கெட. காத்துப்பை எல்லாம் சரியா தொங்குதா பாரு,” என்றாள்.

மூன்றாவது முறை கொஞ்சம் சாய்வாக, கொஞ்சம் வேகமாக வந்தாள். கணவன் படகில் நின்றபடியே, படகின் நடுவில் கட்டியிருந்த நடுக்கயிற்றின் வளையத்தை மேடையின் இரும்புக் குமிழில் மாட்டினான். கரை சேர மட்டும் போடும் சின்ன இன்ஜினை அவள் மெல்ல முன்னே ஓடவிட்டாள். கயிறு விறைத்தது. படகு பக்கவாட்டில் நகர்ந்து மேடையோடு ஒட்டியது. அவன் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை வைத்து, ஊன்றிப் பார்த்து, மற்றதை வைத்தான்.

“என்ன அண்ணே, தொண்ணூறு வயசு ஆள் மாதிரி எறங்குறீங்க?” என்றார் காவலாளி.

“தொண்ணூறு வரைக்கும் நின்னு வெட்டணும்ல? உங்க தலையையும் சேத்துத்தான்.”

காவலாளி சிரித்துக்கொண்டே போனார். கணவன் படகோரம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“கேக்கக் கூடாதுன்னு நான்தான சொன்னேன்.”

“கால் தானா மடங்கிருச்சு. இன்னும் ஒரு நொடி விட்டா தாவியிருப்பேன். அதான்.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு இன்ஜினை அணைக்கக் குனிந்தாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

“முன்கயித்தக் கட்டுங்க,” என்றாள் அங்கிருந்தே. “படகோட மூக்கு வெளிய போகுது.”