கயிற்றின் மறுமுனை

கல்முனையில் மிருக வைத்தியரிடம் என் பூனையோடு காத்திருந்தபோதுதான் அவரைக் கண்டேன். வரிப்பத்தான்சேனை வயற்காரர். தலையில் தொப்பி, மடித்துக் கட்டிய சாரன். கையிலிருந்த நாலு முழக் கயிற்றின் மறுமுனையில் அவருடைய காவல் நாய். அது ஓர் அடி நெருங்கினால் இவர் ஓர் அடி விலகுவார்.

நாய்க்கு வருடாந்தப் பார்வோ நோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

“போன முறை போட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சு நிண்டு மவுத்தாகப் பாத்தது டொக்டர். பழைய ஊசிட சக்தி ரெத்தத்தில இருக்கா எண்டு முதல்ல பாருங்க.”

“பாப்பம். தலையப் புடிங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீங்க புடிங்களன். நான் பகல் லுஹர் தொழணும். நாய்ட எச்சில் பட்டா ஏழு தரம் கழுவணும், அதில ஒரு தரம் மண் போட்டு.”

பூனைக் கூட்டை இறக்கி வைத்துவிட்டு நான் பிடித்தேன்.

இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, சற்று நேரத்தில் வைத்தியர் சொன்னார்: “சக்தி நல்லா இருக்கு. இந்த முறை இந்த ஊசி வேணாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்!” கயிற்றைப் போட்டுவிட்டு நாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அது அவர் முகத்தை ஆசைதீர நக்கியது.

பிறகு குழாயடிக்குப் போனார். முற்றமெல்லாம் சீமெந்து.

“மண்ணுக்கு எங்க போறது காக்கா?” என்றேன், அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து.

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த வயல் மண்.

அப்படியென்றால் அந்த நாலு முழக் கயிறு யாருக்காக?